பால்மர ஆய்வுக்குக் கிடைத்த காலம் மூலக்கூறு ஆய்வுக்கும் வேண்டும்

தேசியக் குறைக்கடத்தி வியூகத்தை நடத்துவோருக்கும், கூட்டரசின் ஆய்வு மானியங்களைப் பங்கிடுவோருக்கும், பினாங்கு மாநில ஆட்சிக்குழுவின் மாண்புமிகு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

நான் மலேசியாவின் பினாங்கில் பணியாற்றும் இயற்பியல் ஆய்வாளர். சில அணு அடுக்குகளே கனமுள்ள உலோகப் படலங்களின் மேல் காந்தத் தன்மை கொண்ட மூலக்கூறுகளை ஒற்றை அடுக்காகப் படியவைத்து, இரண்டும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் எலக்ட்ரான்களின் தற்சுழற்சி (ஸ்பின்) எவ்வாறு மாறுகிறது என்று அளப்பது என் வேலை. இத்துறைக்கு மூலக்கூறு ஸ்பின்ட்ரானிக்ஸ் என்று பெயர். என் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இத்தகைய அடிப்படை ஆய்வுக்கு இரண்டாண்டு, மூன்றாண்டு மானியங்கள் போதா. பத்து, பதினைந்து ஆண்டுகள் அறுபடாமல் வரும் நிதி வேண்டும். அந்நிதியைக் குறைக்கடத்தித் தொழிலின், அதாவது மின்னணுச் சில்லுத் தொழிலின், ஏற்றுமதி மீதே ஒரு சிறு தீர்வையாக விதித்துத் திரட்ட வேண்டும். ரப்பருக்காக இந்நாடு இதை ஏற்கெனவே ஒருமுறை செய்திருக்கிறது என்பதால்தான் துணிந்து கேட்கிறேன்.

இதே கோரிக்கையை மலாய் மொழியிலும் ஆங்கிலத்திலும் உரிய அலுவலகங்களுக்கு முறைப்படி அனுப்பியிருக்கிறேன். ஆயினும் தமிழில் எழுதிப் பொதுவில் வைப்பதற்குக் காரணம் உண்டு. பாயான் லெப்பாசிலும் பிறையிலும் உள்ள எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகளில் இரவு ஷிப்ட் பார்த்தவர்களுள் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள் பலர். தங்கள் கைவழியே போன பொருளைப் பற்றி அரசு என்ன முடிவெடுக்கப் போகிறது என்பது அவர்களுக்கும் விளங்கும் மொழியில் பேசப்பட வேண்டும். அவர்களுள் என் அம்மாவும் ஒருவர்.

அம்மா செபராங் பிறையில் பால்மரம் வெட்டிய, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் இறக்கிய, குடும்பத்தில் பிறந்தவர். 1972 இல் பாயான் லெப்பாசில் தடையற்ற வாணிப வட்டாரம் தொடங்கி, அதே ஆண்டில் இண்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையை இங்கே நிறுவியபோது அவர் சிறுமி. 1990களில் அவர் ஹார்ட் டிஸ்க் பாகங்களைச் செய்யும் ஆலை ஒன்றில், தலை முதல் கால் வரை மூடிய வெள்ளை உடையில், நுண்ணோக்கியின் கீழ் கடுகை விடச் சிறிய ஒரு துண்டை மெல்லிய எஃகுக் கரத்தில் ஒட்டும் வேலையைச் செய்தார். வட்டில் பதிந்திருக்கும் தகவலைப் படிக்கும் தலைப்பகுதி அது. மணிக்கட்டில் நிலத்தோடு இணைத்த வாரைக் கட்டாமல் யாரும் அதைத் தொடக் கூடாது. தொட்டால் துண்டு கெட்டுவிடும், கெட்டால் அன்றைய கணக்கில் குறையும். அந்த ஆலையில் இருந்த ஆண்டுகளில் அது ஏன் கெடுகிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது எனக்கு அந்தக் காரணம் தெரிந்தது. அன்று இரவு வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன்.

காரணம் இதுதான். எலக்ட்ரானுக்கு மின்னூட்டம் இருப்பதோடு தற்சுழற்சி என்ற இன்னொரு பண்பும் உண்டு. அதை ஒரு நுண்ணிய காந்த ஊசி என்று கொள்ளலாம். அளந்து பார்த்தால் மேல் நோக்கியோ கீழ் நோக்கியோ மட்டுமே இருக்கும். இரண்டு மெல்லிய காந்தப் படலங்களுக்கு நடுவே இரண்டு நானோமீட்டர் அளவில் செம்பு போன்ற காந்தமற்ற உலோகத்தை வைத்தால், இரு படலங்களும் ஒரே திசையில் காந்தமாகியிருக்கும்போது மின்னோட்டம் எளிதாகக் கடக்கிறது. எதிரெதிராக இருக்கும்போது தடை கூடுகிறது. 1988 இல் பிரான்சில் ஆல்பர்ட் ஃபெர்ட்டும் ஜெர்மனியில் பீட்டர் குரூன்பெர்க்கும் தனித்தனியாக இரும்பு, குரோமியம் அடுக்குகளில் இதைக் கண்டறிந்தார்கள். 2007 இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். ஃபெர்ட்டின் அளவீடு திரவ ஹீலியத்தின் குளிரில், அதாவது மைனஸ் 269 டிகிரியில் நடந்தது. ஒன்பதே ஆண்டுகளில், 1997 இல், அந்த விளைவைக் கொண்ட தலைப்பகுதி கடைகளில் விற்கும் ஹார்ட் டிஸ்கில் வந்துவிட்டது. உணரும் படலம் சில நானோமீட்டர் கனமே உள்ளதால், விரல் நுனியிலிருந்து பாயும் நிலைமின்சாரம் அதை உருக்கிவிடும். அம்மாவின் மணிக்கட்டு வாருக்கு இதுவே காரணம்.

ஆகவே ஸ்பின்ட்ரானிக்ஸ் பினாங்குக்குப் புதிதாக வந்து சேர வேண்டிய துறை என்று தயவுசெய்து எண்ண வேண்டாம். கால் நூற்றாண்டுக்கு மேலாக அது இந்தத் தீவின் தொழிலாளர்களின் கைகளில் இருந்திருக்கிறது. கைகளுக்கு வந்த பொருள் அறிவாக நம் ஆய்வகங்களில் வேரூன்றவில்லை என்பதே என் கவலை.

மூலக்கூறுகளை ஏன் நாட வேண்டும் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். எலக்ட்ரான் ஒரு பொருளின் ஊடாகச் செல்லும்போது தன் தற்சுழற்சியின் திசையை மறந்துவிடுகிறது. அந்த மறதிக்கு முதன்மையான காரணம், அணுக்கருவைச் சுற்றும் இயக்கமும் தற்சுழற்சியும் ஒன்றோடொன்று பிணைவது; அணு கனமாக ஆக அந்தப் பிணைப்பு மிக விரைவாக வலுக்கிறது. கரிமமும் ஹைட்ரஜனும் நைட்ரஜனும் இலேசான அணுக்கள். அவற்றால் ஆன மூலக்கூறுகளில் எலக்ட்ரான் தன் திசையை நெடுநேரம் நினைவில் வைத்திருக்கும். அதோடு, மூலக்கூறை வேதியியலாளர் தம் விருப்பப்படி கட்டலாம்; நடுவில் இருக்கும் உலோக அணுவை மாற்றினால் காந்தத் தன்மை மாறும், ஓரத்தில் ஒரு தொகுதியைச் சேர்த்தால் அது உலோகப் பரப்பில் ஒட்டும் விதம் மாறும். படிகங்களில் இந்தச் சுதந்திரம் இல்லை.

நான் அதிகம் பயன்படுத்துவது தாலோசயனின் என்ற குடும்பம். 1928 இல் ஸ்காட்லாந்தின் கிரேஞ்ச்மவுத் ஊரில் ஒரு சாய ஆலையில், கண்ணாடிப் பூச்சு விரிசல் விட்ட ஒரு பாத்திரத்தில் அடியிலிருந்த இரும்போடு வினைபுரிந்து எதிர்பாராமல் உருவான நீலப்பச்சைப் பொருளாக இது தொழில் உலகுக்கு அறிமுகமானது. இன்று ஜார்ஜ்டவுனின் கடைப் பலகைகளிலும் அச்சு மைகளிலும் காணும் ஆழ்ந்த நீலத்தில் பெரும்பகுதி இதன் செம்பு வடிவமே. தட்டையான மூலக்கூறு, அகலம் ஏறக்குறைய ஒன்றரை நானோமீட்டர், நடுவே நான்கு நைட்ரஜன் அணுக்கள் பிடித்திருக்கும் ஓர் உலோக அணு. நம் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமில் இரும்பு அமர்ந்திருப்பதும் கிட்டத்தட்ட இப்படித்தான். மாணவர்களிடம் இதைச் சொல்லும்போது, சாயப் பெட்டியும் உடலும் ஆய்வகமும் ஒரே வடிவத்தைப் பகிர்ந்துகொள்கின்றன என்பதை அவர்கள் சிறிது நேரம் நம்ப மறுப்பார்கள். எனக்கும் அந்த வியப்பு இன்னும் தீரவில்லை.

இத்தகைய மூலக்கூறைக் கோபால்ட் போன்ற காந்த உலோகத்தின் மேல் ஒற்றை அடுக்காகப் படியவைத்தால் இரண்டுமே மாறுகின்றன. தனியே இருக்கும்போது சாதாரண வெப்பநிலையில் திசையற்று அலையும் மூலக்கூறின் காந்தம், அடியிலுள்ள உலோகத்தின் திசையைப் பின்பற்றத் தொடங்குகிறது. நிக்கல், கோபால்ட் படலங்களின் மேல், ஹீமைப் போன்ற அமைப்புள்ள இரும்புப் பார்ஃபிரின் மூலக்கூறுகள் இப்படி நடந்துகொள்வதை ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2007 இல் வெளியிட்டார்கள். இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகக் குழு 2015 இல் காட்டியது அதைவிட வியப்பானது: காந்தமே அல்லாத செம்பின் மெல்லிய படலத்தோடு, 60 கரிம அணுக்கள் பந்துபோலக் கோத்த மூலக்கூறை அடுக்கியபோது, அந்தச் செம்பு அறை வெப்பநிலையில் காந்தமானது. இவ்விளைவுகள் எல்லாம் தொடும் பரப்பில் மட்டுமே பிறக்கின்றன. படலம் தடித்தால் அவை அதன் பெருந்திரளில் மறைந்துபோகும். மீமெல்லிய பொருள்கள் மீது நாங்கள் பிடிவாதமாக இருப்பதற்கு இதுவே காரணம். கரிமத்தின் ஓரணு அடுக்கான கிராஃபீன் 2004 இல் பிரித்தெடுக்கப்பட்டதும், ஒற்றை அடுக்கு குரோமியம் அயோடைடு காந்தமாக இருக்கிறது என்று 2017 இல் நிறுவப்பட்டதும் அதே வழியில் வந்தவை.

உங்களிடம் மிகைப்படுத்திப் பேசி நிதி வாங்க நான் விரும்பவில்லை. குரோமியம் அயோடைடு மைனஸ் 228 டிகிரிக்குக் கீழேதான் காந்தமாக இருக்கிறது. அலுமினியத்தைக் கொண்ட ஒரு கரிம மூலக்கூறுப் படலத்தில் 2004 இல் அறிவிக்கப்பட்ட, காந்தத் திசையால் மின்தடையில் நேரும் பெரிய மாற்றமும் தாழ்ந்த வெப்பநிலையில் கிடைத்ததே. எலக்ட்ரான்கள் உண்மையில் மூலக்கூறுகளின் ஊடாகத்தான் சென்றனவா, படலத்தின் நுண்துளைகள் வழியே நழுவிச் சென்றனவா என்று அதன்பின் பல ஆண்டுகள் விவாதம் நடந்தது. மூலக்கூறு ஸ்பின்ட்ரானிக்ஸிலிருந்து ஐந்து ஆண்டுகளில் ஒரு தொழிற்சாலை எழும் என்று எவரேனும் உங்களிடம் வாக்களித்தால், அவரிடம் கூடுதல் கேள்விகள் கேளுங்கள். ஃபெர்ட்டின் கண்டுபிடிப்பு ஒன்பது ஆண்டில் சந்தைக்கு வந்தது விரைவான வழக்கு. மெல்லிய மின்காப்புப் படலத்தைத் துளைத்துச் செல்லும் எலக்ட்ரான்களின் தற்சுழற்சி விளைவை 1975 இல் ஜூலியேர் என்ற இயற்பியலாளர் குளிர்நிலையில் கண்டார். அது அறை வெப்பநிலையில் நம்பத்தக்க அளவில் கிடைக்க 1995 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த விளைவுதான் இன்று மின்சாரம் நின்றாலும் தகவலை இழக்காத காந்த நினைவகச் சில்லுகளை இயக்குகிறது. இருபது ஆண்டுகள்! அந்த இருபது ஆண்டுகளிலும் எங்கோ ஓர் ஆய்வகத்தில் காற்றை வெளியேற்றும் பம்புகள் ஓடிக்கொண்டிருந்தன என்பதை மட்டும் நினைவில் கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

பம்புகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் என் கோரிக்கையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. சுத்தமான ஓர் உலோகப் பரப்பை வளிமண்டலத்தின் நூறு கோடியில் ஒரு பங்கு அழுத்தத்தில் வைத்தாலும், ஏறக்குறைய ஒரே விநாடியில் அதன்மேல் காற்று மூலக்கூறுகள் ஓர் அடுக்காக ஒட்டிவிடும். ஓர் அளவீட்டை முடிக்கச் சில மணி நேரமாவது வேண்டும். அதற்கு இதைவிடப் பத்தாயிரம் மடங்கு உயர்ந்த வெற்றிடம் தேவை. வெற்றிடத்தை உண்டாக்கும் எஃகு அறையின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் நீராவியை விரட்ட, அறை முழுவதையும் அலுமினியத் தாளால் போர்த்தி, 150 டிகிரி வரை சூடேற்றி, நாள்கணக்கில் வைத்திருப்போம். நம் ஊர்க் காற்றின் ஈரப்பதத்தில், அறையை ஒருமுறை திறந்தாலே இந்த வேலை முழுவதையும் மறுபடி செய்ய வேண்டும். இவ்வேலையின் நுணுக்கம் கையேட்டில் இல்லை; எந்த வால்வு கசியும், எந்த இழை எப்போது எரிந்துபோகும் என்பது கருவியோடு ஆண்டுக்கணக்கில் பழகிய தொழில்நுட்பருக்குத்தான் தெரியும்.

முன்பு நான் பணியாற்றிய ஓரிடத்தில் மூன்றாண்டு மானியம் ஒன்று கிடைத்தது. கருவிகளை வரவழைத்து, சுங்க அனுமதி பெற்று, அறையைப் பொருத்தி, கசிவுகளைத் தேடி அடைக்கவே பதினெட்டு மாதங்கள் ஆயின. நம்பத்தக்க முதல் மூலக்கூறு அடுக்கு முப்பதாவது மாதத்தில் கிடைத்தது. முப்பத்தாறாவது மாதத்தில் மானியம் முடிந்தது. ஒப்பந்தத்தில் இருந்த தொழில்நுட்பரின் வேலையும் அதோடு முடிந்தது. குடும்பம் உள்ளவர், தொழிற்சாலையில் நல்ல சம்பளம் கிடைத்தது, போனார். அவரைக் குறை சொல்ல என்னால் முடியாது. மின்தடை ஒன்றில் பம்பு நின்றது. பார்த்து மறுபடி இயக்க ஆள் இல்லாததால் ஈரக்காற்று உள்ளே புகுந்தது. முடிவறிக்கையில் வெளியான கட்டுரைகளின் எண்ணிக்கையைக் கேட்டார்கள். அந்த அறையின் நிலை என்ன என்று கேட்க அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை. அந்த அறைக்காகத் தன் இளமையின் நான்கு ஆண்டுகளைச் செலவிட்ட மாணவி ஒருவர் இன்று வேறு நாட்டில் அதே அளவீட்டைச் செய்துகொண்டிருக்கிறார்.

இப்போது ரப்பருக்கு வருகிறேன். 1925 இல் மலாயாவில் ரப்பர் ஆய்வுக் கழகத்துக்கான சட்டம் இயற்றப்பட்டது. அதன் செலவை ஆண்டுதோறும் யாரிடமும் கையேந்திப் பெற வேண்டியிருக்கவில்லை. ஏற்றுமதியாகும் ரப்பரின் மீது விதித்த தீர்வையே அதை நடத்தியது. மரம் நட்டு, வெட்டுக்கு வர ஆறேழு ஆண்டுகள் ஆகும். ஒரு கலப்பினம் நல்லதா என்று சொல்ல இன்னும் பல ஆண்டுகள் ஆகும். அக்கழகத்தின் ஆங்கிலப் பெயரெழுத்துகளால் ஆர்ஆர்ஐஎம் 600 என்று தோட்டத்து மக்கள் அறிந்த அந்த வகை 1930களின் இறுதியில் செய்த கலப்பிலிருந்து வந்தது. இடையில் உலகப் போரும் ஜப்பானிய ஆட்சியும் கடந்தன. அது தோட்டங்களில் பரவியபோது, விதைமரங்கள் தந்ததைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு பாலைத் தந்தது. இன்றும் அண்டை நாடான தாய்லாந்தில் பரவலாக நடப்பட்டிருக்கிறது. எந்த மூன்றாண்டு மானியமும் அந்த மரத்தை உருவாக்கியிருக்க முடியாது. அந்தத் தீர்வையின் ஒவ்வொரு காசும், விடியுமுன் எழுந்து, நெற்றி விளக்கோடு மரத்துக்கு மரம் நடந்த எங்கள் பாட்டன் பாட்டிகள் இறக்கிய பாலிலிருந்து வந்தது. நாட்டின் ஆய்வு மரபுக்கு அவர்கள் செலுத்திய பங்கை எவரும் நன்கொடையாளர் பட்டியலில் எழுதவில்லை. இங்கே நான் எழுதுகிறேன்.

அதே முறையைக் குறைக்கடத்திக்கும் கொண்டுவருமாறு கேட்கிறேன். உலகில் சில்லுகளைச் சோதித்து உறையிடும் வேலையில் ஏறக்குறைய 13 விழுக்காடு மலேசியாவில் நடப்பதாக அரசே பெருமையோடு சொல்லிவருகிறது. 2024 மே மாதம் பிரதமர் அறிவித்த தேசியக் குறைக்கடத்தி வியூகத்தில் 2,500 கோடி வெள்ளி (ரிங்கிட்) ஒதுக்கீடும், 60,000 பொறியாளர்களைப் பயிற்றுவிக்கும் இலக்கும் இருக்கின்றன. அந்த இலக்கை நான் வரவேற்கிறேன். ஆனால் பயிற்றுவிப்போர் எங்கிருந்து வருவார்கள்? அணு அடுக்குகளைக் கண்டு, அளந்து, தவறு செய்து பழகிய ஆய்வகங்கள் உள்நாட்டில் இல்லாவிட்டால், அறுபதாயிரம் பேரும் பிறர் எழுதிய செய்முறையைப் பின்பற்றக் கற்றவர்களாகவே இருப்பார்கள். அம்மாவின் மணிக்கட்டு வாரைப் போல.

ஏற்றுமதித் தீர்வை என்றதும் முதலீட்டாளர்கள் வியட்நாமுக்கோ வேறிடத்துக்கோ போய்விடுவார்கள் என்ற அச்சம் எழும் என்பதை அறிவேன். அது வெறும் சாக்கு என்று ஒதுக்க மாட்டேன். உறையிடும் தொழிலில் இலாபம் மெல்லியது. புதிய தீர்வை இயலாதென்றால், ஒதுக்கிய 2,500 கோடியில் ஒரு சிறு பகுதியைத் தொடாத முதலாக வைத்து, அதன் வருமானத்தை மட்டும் அடிப்படை ஆய்வுக்குக் கொடுங்கள். எந்த வழியில் வந்தாலும், அமைச்சர் மாறினாலும் வரவு செலவுத் திட்டம் மாறினாலும் நின்றுவிடாத நிதியாக அது இருக்க வேண்டும். அதிலிருந்து முதலில் தொழில்நுட்பர்களுக்கு நிரந்தரப் பதவிகளை உருவாக்குங்கள், கருவிகள் அதன்பின் வரட்டும். ஆள் இல்லாத கருவி என்ன ஆகும் என்பதை மேலே சொன்னேன். பினாங்கில் 1969 முதல் அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. பாயான் லெப்பாசிலேயே அதன் நானோ ஒளிமின்னணு ஆய்வுக் கழகம் இயங்குகிறது. புதிய கட்டடம் எழுப்பாமலேயே, உயர் வெற்றிடமும் தாழ்வெப்பநிலையும் கொண்ட பொது ஆய்வுக்கூடத்தை இருக்கும் இடத்தில் தொடங்கலாம். ஆலைப் பொறியாளர்களும் அதில் வந்து அளக்கலாம். குளிரூட்டும்போது ஆவியாகும் ஹீலியத்தைப் பிடித்து மறுபடி திரவமாக்கும் ஏற்பாடும் அதில் இருக்க வேண்டும். மூலக்கூறின் காந்தத்தை உலோகத்தின் காந்தத்திலிருந்து பிரித்தறிய, எலக்ட்ரான்களை வளையப் பாதையில் பெருவேகத்தில் சுழற்றிப் பெறும் சின்க்ரோட்ரான் எக்ஸ்-கதிர் வேண்டும். அது நம்மிடம் இல்லை, ஆனால் சிங்கப்பூரிலும் தாய்லாந்தின் நக்கோன் ராட்சசிமாவிலும் இருக்கிறது. இரு நாடுகளோடும் நேர ஒதுக்கீட்டு உடன்பாடு செய்துகொள்வது பெருஞ்செலவு இல்லை.

இன்னொன்றையும் சேர்க்கிறேன். குவாந்தான் அருகே கெபெங்கில் உள்ள அரியமண் ஆலை 2025 இல் டிஸ்ப்ரோசியம், டெர்பியம் என்ற அரியமண் உலோகங்களின் ஆக்சைடுகளைப் பிரித்தெடுக்கத் தொடங்கியிருக்கிறது. சீனாவுக்கு வெளியே இதைச் செய்யும் இடங்கள் மிகச் சில. ஒற்றை மூலக்கூறே காந்தமாக நிற்கும் பொருள்களில் இதுவரை அதிக வெப்பநிலையைத் தாங்கியவை டிஸ்ப்ரோசியத்தைக் கொண்டவைதாம். 2018 இல் அப்படி ஒரு மூலக்கூறு, திரவ நைட்ரஜனின் கொதிநிலைக்கு மேல், மைனஸ் 193 டிகிரியில் தன் காந்த நினைவைக் காத்தது. அந்த உலோகத்தை இந்நாட்டில் பிரிக்கிறோம். அதை மூலக்கூறில் வைத்துப் பார்க்கும் வேதியியலாளரும், அந்த மூலக்கூறைப் படலத்தில் வைத்துப் பார்க்கும் இயற்பியலாளரும் இங்கேயே இருந்தால் என்ன என்று ஆசைப்படுகிறேன்.

அடுத்த வரவு செலவுத் திட்டத்துக்கான கருத்துகள் திரட்டப்படும் காலத்திலேயே இம்மடலை எழுதுகிறேன். மானியங்களைப் பங்கிடும் குழுவில் இருப்போர் யாராவது ஒருவர், ஒரு நாள், நான் இப்போது பணிபுரியும் ஆய்வகத்துக்கு வந்து பார்க்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். இந்த வாரம் அறையைச் சூடேற்றிக்கொண்டிருக்கிறோம். வெள்ளிக்கிழமை குளிரவிட்டு, திங்கட்கிழமை கோபால்ட்டின் மேல் முதல் அடுக்கைப் படியவைப்போம். இப்போதுள்ள மானியத்தில் எங்களுக்குப் பதினோரு மாதங்கள் மீதமுள்ளன. தொழில்நுட்பரின் ஒப்பந்தம் அதற்கு இரண்டு மாதம் முன்பே முடிகிறது. அவருக்கு நான் என்ன பதில் சொல்வது என்பதை எழுத்தில் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.

இப்படிக்கு,
பணிவுடன்,
பினாங்கில் பணியாற்றும் ஓர் இயற்பியல் ஆய்வாளன்